ஐபிஓவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கான வழிகாட்டி

மூன்று ஐபிஓக்களுக்கு, அதாவது நிறுவனங்கள் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் வெளியீடுகளுக்கு, அடுத்தடுத்து விண்ணப்பித்து, மூன்றிலும் ஒரு பங்குகூடக் கிடைக்காதபோது, குலுக்கலில் என் பெயர் வரவில்லை என்றே நினைத்திருந்தேன். பல மாதங்கள் கழித்து அந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தபோதுதான், அவற்றில் இரண்டு குலுக்கலுக்கே போகவில்லை என்பது தெரிந்தது. ஒன்றை என் மனைவியின் டீமேட் கணக்கிலிருந்து (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) போட்டுவிட்டு, பணத்துக்கு என்னுடைய யுபிஐ முகவரியைக் கொடுத்திருந்தேன், அது நிராகரிக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் வெளியீடு முடியும் நாளன்று வேலை மும்முரத்தில் இருந்துவிட்டு, மாலை 5.20க்குத்தான் யுபிஐ ஆப்பைத் திறந்தேன். அதற்குள் பணத்தை முடக்க ஒப்புதல் தருவதற்கான கெடு முடிந்திருந்தது. இரண்டுமே முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகள்.

அதே பிழைகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தியாவில் வசிப்பவர், ஆன்லைன் தரகர் மூலம், என்எஸ்இ அல்லது பிஎஸ்இ பங்குச் சந்தையின் முதன்மைப் பிரிவில் பட்டியலாகும் நிறுவனத்தின் வெளியீட்டுக்கு, சில்லறை முதலீட்டாளர் பிரிவில், அதாவது ரூ.2 லட்சத்துக்கு உட்பட்டு விண்ணப்பிக்கும் முறையைப் பற்றியது இது. சிறு நிறுவனங்களுக்கான எஸ்எம்இ வெளியீடுகளில் குறைந்தபட்ச விண்ணப்பமே ரூ.2 லட்சத்துக்கு மேல் என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

1. ஆவணங்களை முதலில் சரிசெய்யுங்கள்

டீமேட் கணக்கு தொடங்கத் தேவைப்படுபவை நான்குதான்: பான் அட்டை, ஆதார், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் விவரம் (ரத்து செய்த காசோலை அல்லது கணக்கு அறிக்கை), வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தின் படம். பங்குகளை மட்டும் வாங்கி விற்பவர்களுக்கு வருமானச் சான்று தேவையில்லை. அதை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவுக்குத்தான் கேட்பார்கள்.

சிக்கல் பெரும்பாலும் இந்த ஆவணங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் வருகிறது. ஆதாரில் தலைப்பெழுத்து விரித்து எழுதப்பட்டிருக்கும், பானில் ஒற்றை எழுத்தாக இருக்கும், வங்கியில் தலைப்பெழுத்தே இருக்காது. நம்மில் பலருக்குத் தந்தை பெயரே தலைப்பெழுத்து என்பதால் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதாருடன் கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் ஓடிபி மூலம் மின்கையெழுத்து இடும் இடத்தில் நின்றுவிடுவீர்கள். பானும் ஆதாரும் இணைக்கப்படாமல் பான் செயலிழந்திருந்தால், ரூ.1,000 தாமதக் கட்டணம் செலுத்தி இணைத்த பிறகே மேற்கொண்டு நகர முடியும்.

எல்லாம் சரியாக இருந்தால் கணக்கு ஓரிரு வேலை நாட்களில் திறந்துவிடும். பெயர்த் திருத்தம் தேவைப்பட்டால் வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே நீங்கள் விரும்பும் வெளியீட்டின் தேதி அறிவிக்கப்பட்ட பிறகு கணக்கு தொடங்க ஆரம்பிக்காதீர்கள்.

2. தரகரும் செலவும்

ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கத் தரகுக் கட்டணம் கிடையாது. பங்கு கிடைப்பதற்கான வாய்ப்பும் எந்தத் தரகர் வழியாகப் போட்டாலும் ஒன்றுதான். "எங்கள் மூலம் போட்டால் ஒதுக்கீடு நிச்சயம்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே உரையாடலை முடித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்து, நிறுவன ஒதுக்கீட்டிலிருந்து பங்கு தருவதாகச் சொல்லிப் போலி ஆப் ஒன்றைப் பதிவிறக்கச் செய்து பணம் பறிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். உண்மையான ஐபிஓவில் நீங்கள் யாருடைய கணக்குக்கும் பணம் அனுப்புவதே இல்லை; பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்திருந்தால் இத்தகைய மோசடிகளில் சிக்க மாட்டீர்கள்.

டீமேட் கணக்குக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்கு மட்டும் இருந்து, அதிலுள்ள முதலீட்டின் மதிப்பு ரூ.4 லட்சத்துக்குள் இருந்தால், அடிப்படைச் சேவைக் கணக்கு என்ற வகையில் இந்தக் கட்டணம் இல்லை. கணக்கு தொடங்கும்போதே இதைக் கேட்டுப் பெறுங்கள். பங்கை விற்கும் நாளில் டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறுவதற்காக, விற்கும் ஒவ்வொரு நிறுவனப் பங்குக்கும் சில ரூபாய்கள் டிபி கட்டணமும் (டீமேட் சேவைக் கட்டணம்), விற்பனைத் தொகையில் 0.1% பங்குப் பரிவர்த்தனை வரியும் போகும்.

3. யுபிஐ முகவரி: அதிகம் பேர் தவறும் இடம்

விண்ணப்பதாரரின் டீமேட் கணக்கும், பணம் முடக்கப்படும் வங்கிக் கணக்கும் ஒரே நபருடையதாக இருக்க வேண்டும். இது கட்டாயம். கணவரின் யுபிஐயிலிருந்து மனைவியின் விண்ணப்பத்துக்கோ, மகனின் யுபிஐயிலிருந்து தாயின் விண்ணப்பத்துக்கோ பணம் ஒதுக்கினால், அது மூன்றாம் நபரின் பணமாகக் கருதப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படும். இதில் வேதனையான விஷயம், விண்ணப்பிக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம் என்பதே. என் மனைவியின் விண்ணப்பத்தில் மேண்டேட் (பணத்தை முடக்க யுபிஐ ஆப்பில் ஒப்புதல் கேட்கும் கோரிக்கை) வந்தது, நான் ஏற்றேன், என் கணக்கில் பணமும் முடங்கியது. எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றியது. ஒதுக்கீட்டு நாளில்தான் நிராகரிப்பு தெரிந்தது.

ஆகவே குடும்பத்தில் யார் பெயரில் விண்ணப்பித்தாலும் அவருக்கென்று தனி வங்கிக் கணக்கும், அந்தக் கணக்குடன் இணைந்த யுபிஐ முகவரியும் இருக்கட்டும். பீம், கூகுள் பே, போன்பே போன்றவற்றில் ஐபிஓ மேண்டேட் வசதி உள்ளது. ஒரே ஆப்பில் இரண்டு மூன்று வங்கிக் கணக்குகளை இணைத்திருப்பவர்கள், பணம் இருக்கும் கணக்கு எது, மேண்டேட்டை ஏற்கும்போது எந்தக் கணக்கு தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியீடு நடக்கும் வாரத்தில் கைப்பேசியையோ சிம்மையோ மாற்றாதீர்கள். புதிய கருவியில் யுபிஐயைப் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்குப் பரிவர்த்தனை வரம்பு குறைக்கப்படும்.

யுபிஐயைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உங்கள் வங்கியின் நெட் பேங்கிங்கில் ஐபிஓ அல்லது அஸ்பா என்ற பகுதிக்குச் சென்று, தரகரிடம் உள்ள டீமேட் எண்ணைக் கொடுத்து நேரடியாக விண்ணப்பிக்கலாம். டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் இரண்டு அமைப்புகளில், சிடிஎஸ்எல் கணக்கு என்றால் அது 16 இலக்க எண். என்எஸ்டிஎல் என்றால் 'ஐஎன்' என்ற எழுத்துகளில் தொடங்கும். இந்த வழியில் பணம் உடனே முடங்கிவிடும். மேண்டேட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் செய்து பார்த்த பிறகு, நான் இப்போது இதையே விரும்புகிறேன். ஆனால் தரகர் வழியாக ஒன்றும் வங்கி வழியாக ஒன்றும் என இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். ஒரே பானில், ஒரே பிரிவில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தால் இரண்டுமே நிராகரிக்கப்படும்.

4. விண்ணப்பிக்கும் முன் எதைப் படிப்பது

வெளியீட்டைப் பற்றிய விவரங்களுடன் நிறுவனம் வெளியிடும் ரெட் ஹெரிங் ப்ராஸ்பெக்டஸ் என்ற ஆவணம் பல நூறு பக்கங்கள் ஓடும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் தளத்திலும் பங்குச் சந்தைத் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதையும் படிக்க இயலாதவர்கள், திரட்டும் பணம் எதற்காக, இடர்கள் யாவை, கடந்த மூன்று ஆண்டுகளின் வருவாயும் லாபமும் எவ்வளவு என்ற மூன்று பகுதிகளையாவது படியுங்கள். பணம் நிறுவனத்துக்குப் போகிறதா, பழைய பங்குதாரர்களின் பைக்குப் போகிறதா என்பது முதல் பகுதியிலேயே தெரிந்துவிடும். 2022 மே மாதத்தில் வந்த எல்ஐசி வெளியீடும், 2024 அக்டோபரில் வந்த ரூ.27,870 கோடி மதிப்பிலான ஹூண்டாய் மோட்டார் இந்தியா வெளியீடும் முழுக்க முழுக்கப் பழைய பங்குதாரரின் விற்பனைதான். நிறுவனத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. அதனாலேயே அவை மோசமான வெளியீடுகள் என்று பொருளல்ல, ஆனால் எதை வாங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பட்டியலாகும் முன்பே அதிகாரபூர்வமற்ற முறையில் நடக்கும் வணிகத்தின் விலையை, அதாவது கிரே மார்க்கெட் விலை என்று யூடியூப்பில் சொல்லப்படும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தச் சந்தைக்கு எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பும் இல்லை. அந்த எண் எப்படி வந்தது என்று சரிபார்க்க வழியும் இல்லை.

5. எத்தனை லாட், எந்த விலை, எந்த நாள்

சில்லறைப் பிரிவில் ஒரு லாட்டின் (விண்ணப்பிக்கக்கூடிய குறைந்தபட்சப் பங்குத் தொகுப்பு) மதிப்பு வழக்கமாக ரூ.15,000க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 2024 செப்டம்பரில் வந்த பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸ் வெளியீட்டில் அதிகபட்ச விலை ரூ.70, லாட்டுக்கு 214 பங்குகள், ஆக ரூ.14,980. ரூ.2 லட்ச வரம்புக்குள் அதிகபட்சம் 13 லாட் கேட்கலாம்.

ஆனால் 13 லாட் கேட்டால் வாய்ப்பு 13 மடங்கு கூடும் என்று எண்ண வேண்டாம். சில்லறைப் பிரிவில் தேவை அதிகமாகிவிட்டால், முடிந்தவரை அதிகம் பேருக்கு ஆளுக்கு ஒரு லாட் என்று குலுக்கலில் கொடுப்பதே விதி. ஒரு லட்சம் லாட் இருந்து எட்டு லட்சம் பேர் விண்ணப்பித்தால், எட்டில் ஒருவருக்கு ஒரு லாட் கிடைக்கும். ஒரு லாட் கேட்டவருக்கும் 13 லாட் கேட்டவருக்கும் அதே எட்டில் ஒன்றுதான். ஆகவே எத்தனை மடங்கு கேட்கப்பட்டது என்ற எண்ணைவிட, எத்தனை விண்ணப்பங்கள் வந்தன என்ற எண்ணே உங்கள் வாய்ப்பைச் சரியாகக் காட்டும். ஒரு லாட்டுக்கு மேல் கேட்பதால் பலன் கிடைப்பது, பங்குகளைவிட விண்ணப்பங்கள் குறைவாக இருக்கும் வெளியீடுகளில்தான். அங்கே கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்பதே ஆபத்து. ஹூண்டாய் வெளியீட்டில் சில்லறைப் பிரிவில் பாதிக்குத்தான் விண்ணப்பம் வந்தது. செல்லுபடியான விண்ணப்பம் போட்ட ஒவ்வொருவருக்கும் ரூ.1,960 விலையில் கேட்டது அனைத்தும் கிடைத்தது. பங்கு என்எஸ்இயில் பட்டியலானது ரூ.1,934க்கு. பட்டியல் நாளிலேயே விற்றுவிடும் எண்ணத்தில் கையில் இருந்த சேமிப்பையெல்லாம் போட்டிருந்தவர்களுக்கு அது கடினமான நாள். ஒரு லாட்டுக்கு மேல் விண்ணப்பிக்கும்போது, அத்தனையும் கிடைத்தால் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையை நிரப்பும் இடத்தில் 'கட்-ஆஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இறுதி விலை எதுவாக அமைந்தாலும் ஏற்கிறேன் என்பது அதன் பொருள். சிக்கனமாக இருக்கட்டும் என்று நிறுவனம் அறிவித்த விலை வரம்பான விலைப்பட்டையின் கீழ் எல்லையைப் போட்டுவிட்டு, இறுதி விலை மேல் எல்லையில் அமைந்தால், உங்கள் விண்ணப்பம் கணக்கிலேயே வராது.

வெளியீடு குறைந்தது மூன்று வேலை நாட்கள் திறந்திருக்கும். முதல் நாள் முதல் மணியில் போட்டவருக்கு முன்னுரிமை எதுவும் கிடையாது. நான் இப்போது இரண்டாம் நாளில்தான் விண்ணப்பிக்கிறேன்: அதற்குள் மியூச்சுவல் ஃபண்டு போன்ற நிறுவன முதலீட்டாளர்களின் ஆர்வம் ஓரளவு தெரிந்துவிடும், பணமும் ஒரு நாள் குறைவாக முடங்கும், ஏதாவது பிழை நேர்ந்தால் ரத்துசெய்து மீண்டும் போட இன்னொரு நாளும் மிச்சமிருக்கும். சில்லறை முதலீட்டாளர்கள் வெளியீடு முடியும்வரை விண்ணப்பத்தைத் திருத்தவோ திரும்பப் பெறவோ முடியும்.

கூடுதல் வாய்ப்பு ஒன்று உண்டு. தாய் நிறுவனம் ஏற்கெனவே பட்டியலிடப்பட்டிருந்தால், அதன் பங்குதாரர்களுக்கென்று சில வெளியீடுகளில் தனி ஒதுக்கீடு இருக்கும். பஜாஜ் ஹவுசிங் வெளியீட்டில் பஜாஜ் ஃபைனான்ஸ், பஜாஜ் ஃபின்சர்வ் பங்குதாரர்களுக்கும், 2023 நவம்பரில் டாடா டெக்னாலஜிஸ் வெளியீட்டில் டாடா மோட்டார்ஸ் பங்குதாரர்களுக்கும் அப்படி இருந்தது. ப்ராஸ்பெக்டஸ் தாக்கலாகும் தேதியில் தாய் நிறுவனத்தின் ஒரு பங்கு உங்கள் டீமேட்டில் இருந்தாலே போதும். அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கினால் பயனில்லை. இந்தப் பிரிவிலும் சில்லறைப் பிரிவிலும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். அது இரட்டை விண்ணப்பமாகாது.

6. மேண்டேட்டை ஏற்காதவரை நீங்கள் விண்ணப்பிக்கவில்லை

தரகரின் ஆப்பில் 'விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தவன். அது பாதி வழிதான். அதன் பிறகு உங்கள் யுபிஐ ஆப்புக்கு மேண்டேட் கோரிக்கை வரும். சில நிமிடங்களில் வரலாம், கூட்டம் அதிகமான வெளியீடுகளில் சில மணி நேரமும் ஆகலாம். அறிவிப்பு வரவில்லை என்றால் ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள்; பல சமயம் அங்கே காத்திருக்கும். தொகை சரியா, நிறுவனத்தின் பெயர் சரியா என்று பார்த்து, யுபிஐ பின் (PIN) எண்ணை இட்டு ஏற்க வேண்டும். பிறகு வங்கியிலிருந்து பணம் முடக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். அதைப் பார்த்த பிறகே விண்ணப்பம் முழுமையானது என்று கொள்ளுங்கள்.

இதற்கான கெடு வெளியீடு முடியும் நாள் மாலை 5 மணி. ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் கழித்து ஏற்றாலும் பயனில்லை. கடைசி நாள் பிற்பகலில் வங்கிச் சேவையகங்கள் திணறுவது வழக்கம் என்பதால், அந்த நாளின் மதியத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பல மணி நேரமாகியும் மேண்டேட் வராவிட்டால், யுபிஐ முகவரியைத் தவறாகத் தட்டச்சு செய்தோமா என்று பாருங்கள். பிழை இருந்தால் பழைய விண்ணப்பத்தை ரத்துசெய்து, ரத்தானது உறுதியான பிறகு புதிதாகப் போடுங்கள்.

முடக்கப்பட்ட பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருப்பதால் அதற்கு வட்டி தொடர்ந்து சேரும். ஆனால் அதை எடுத்துச் செலவழிக்க முடியாது. மாதத் தவணை அல்லது எஸ்ஐபி போகும் கணக்கிலிருந்து விண்ணப்பித்தால், அந்தத் தேதிகளுக்கு வேண்டிய தொகை தனியாக மிச்சமிருக்கிறதா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

7. ஒதுக்கீடு வரை காத்திருக்கும் நாட்கள்

2023 டிசம்பர் 1 முதல், வெளியீடு முடிந்த மூன்றாவது வேலை நாளில் பங்கு பட்டியலாக வேண்டும் என்பது செபியின் விதி. புதன்கிழமை வெளியீடு முடிந்தால் வியாழனன்று ஒதுக்கீடு இறுதியாகும், வெள்ளியன்று கிடைத்தவர்களுக்குப் பங்கு டீமேட்டில் சேரும், கிடைக்காதவர்களுக்குப் பண முடக்கம் நீங்கும், திங்களன்று பட்டியலாகும். இடையில் விடுமுறை வந்தால் அதற்கேற்ப நகரும்.

ஒதுக்கீட்டு நிலையை, விண்ணப்பங்களையும் ஒதுக்கீட்டையும் கையாளும் நிறுவனமான வெளியீட்டின் பதிவாளர் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலான வெளியீடுகளுக்கு கேஃபின் டெக்னாலஜிஸ் அல்லது எம்யுஎஃப்ஜி இன்டைம் (முன்பு லிங்க் இன்டைம்) பதிவாளராக இருக்கும். பிஎஸ்இ தளத்திலும் பார்க்க முடியும். கிடைக்கவில்லை என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். 'ஒதுக்கீடு இல்லை' என்பது குலுக்கலில் கலந்துகொண்டதைக் காட்டுகிறது. 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தால் உங்கள் மேண்டேட் முழுமையாகவில்லை என்று பெரும்பாலும் பொருள். நிராகரிப்பு என்றால் காரணத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த வெளியீட்டுக்கு முன் சரிசெய்யுங்கள். இந்த வேறுபாட்டை நான் கவனித்திருந்தால் இரண்டாவது பிழை நேர்ந்திருக்காது.

8. பட்டியல் நாள் காலை

புதிய பங்குக்கு அன்று காலை 9 மணிக்குத் தனி முன்சந்தை அமர்வு தொடங்கும், ஆர்டர்களை 9.45க்குள் இட வேண்டும். வழக்கமான வணிகம் 10 மணிக்கு ஆரம்பிக்கும். விற்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே ஒரு வேலையை முடித்திருக்க வேண்டும். சிடிஎஸ்எல் கணக்குகளில் பங்கை விற்க டிபின் என்ற கடவு எண்ணும் ஓடிபியும் தேவை. அதை மறந்துவிட்டுப் பத்து மணிக்குத் தேடினால் விலை கைநழுவிப் போகும். அடிக்கடி விற்பவர்கள் டிடிபிஐ என்ற அனுமதிப் பத்திரத்தைத் தரகரிடம் ஒருமுறை கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் இந்தச் சிரமம் இருக்காது. அதற்கு முத்திரைத்தாள் செலவு உண்டு. நடைமுறைக்கு வரச் சில நாட்கள் ஆகும்.

9. வரியைக் கணக்கில் சேருங்கள்

ஓராண்டுக்குள் விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு 20% குறுகிய கால மூலதன ஆதாய வரி உண்டு. இந்த விகிதம் 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ளது. பஜாஜ் ஹவுசிங் பங்கு ரூ.150க்குப் பட்டியலானது. ஒரு லாட் கிடைத்து அந்த விலையில் விற்றவருக்கு லாபம் ரூ.17,120, வரியும் 4% செஸ்ஸும் சேர்ந்து ஏறத்தாழ ரூ.3,560. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரையிலான நீண்ட கால ஆதாயத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5%.

குடும்பத்தினர் பெயரில் விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வருமானமில்லாத மனைவியின் கணக்கில் நீங்கள் பணம் போட்டு, அதிலிருந்து அவர் விண்ணப்பித்து லாபம் வந்தால், அந்த லாபம் வரிக் கணக்கில் உங்கள் வருமானத்துடன் சேர்க்கப்படும். அவருடைய சொந்தச் சேமிப்பு அல்லது சம்பளம் என்றால் அப்படிச் சேராது.

10. பணம் விடுபடாவிட்டால்

ஒதுக்கீடு முடிந்தும் முடக்கம் நீங்கவில்லை என்றால், முதலில் யுபிஐ ஆப்பில் மேண்டேட்டின் நிலையைப் பாருங்கள். பிறகு வங்கிக்கும் பதிவாளருக்கும், விண்ணப்ப எண், மேண்டேட் எண், பணம் முடங்கிய குறுஞ்செய்தியின் படம் ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சான்று இருக்காது. கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 அல்லது விண்ணப்பத் தொகையில் ஆண்டுக்கு 15%, இவற்றில் எது அதிகமோ அது இழப்பீடாகத் தரப்பட வேண்டும் என்பது விதி. அந்த விதியை மின்னஞ்சலிலேயே குறிப்பிடுங்கள். தீர்வு வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். யார் மீது புகார் பதிந்தீர்களோ அவர்கள் 21 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். அந்தப் புகாருக்கும் மேற்சொன்ன மூன்று விவரங்கள்தான் ஆதாரம் என்பதால், விண்ணப்பித்த அன்றே அவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.